விட்டுட்டான் என்பதற்கும் இலக்கணம் உண்டு

பள்ளிகளில் இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

வேற்றுமை நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவி எழுந்து, "'எனக்குப் பசிக்குது'ன்னா அதுல எழுவாய் எது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'வயிறு' என்றோ 'அது' என்றோ ஒரு தோன்றா எழுவாயைக் காட்டிவிடலாம். எழுவாய் முதல் வேற்றுமையில்தான் வரும், 'எனக்கு' நான்காம் வேற்றுமை, ஆகவே அது எழுவாயாக முடியாது என்றும் விளக்கலாம். விதிப்படி குறை சொல்ல முடியாத பதில். ஆனால் அவள் கேட்டது காலை முதல் இரவு வரை தன் வாயில் புழங்கும் ஒரு தொடரைப் பற்றி. எனக்குத் தெரியும், எனக்குப் புரியல, எனக்குப் பிடிக்காது, எனக்கு வேணும், எனக்குத் தூக்கம் வருது, எனக்கு மறந்துபோச்சு. அறிவதையும் விரும்புவதையும் உடம்பில் நேர்வதையும் தமிழ் பெரும்பாலும் இந்த ஒரே வார்ப்பில்தான் சொல்கிறது. நம் பாடத்தில் இந்த வார்ப்புக்கு ஒரு பெயர்கூட இல்லை. கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை என்று கு உருபின் பொருள்களை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். 'எனக்குத் தெரியும்' இதில் எந்தப் பொருள் என்று யாரும் கேட்பதில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் அந்தப் பட்டியலை 'முதலியன' என்று பொருள்படத் திறந்தே வைத்திருந்தார். தேர்வுதான் அதை மூடிவிட்டது.

இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பேசுவதற்கு முன்பே எங்கோ முழுமையாக இருந்து, பிறகு பேச்சில் பிழையோடு வெளிப்படுவது இலக்கணம் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். பேசிப் பேசித்தான் இலக்கணம் உருவாகிறது, மாறுகிறது, நிலைக்கிறது என்று சொல்லும் மொழியியல் மரபு ஒன்று உலகில் வலுவாக வளர்ந்திருக்கிறது. செயல்நிலை இலக்கணம், கட்டுமான இலக்கணம் என்ற இரண்டு வழிகளில் அது நடக்கிறது. தமிழ் வகுப்பறைக்கு அது மிகவும் தேவை என்று நம்புகிறேன். இலக்கணத்தை நாள்தோறும் பிள்ளைகளின் கையில் கொடுப்பவர்கள் நீங்கள். ஆகவே பல்கலைக்கழகங்களை விட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

பேச்சை ஒதுக்கிவைக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. நவீன மொழியியலே அப்படித்தான் தொடங்கியது. பெர்டினான்ட் டி சொசூரின் விரிவுரைகளை அவர் இறந்த பிறகு 1916இல் அவருடைய சக அறிஞர்கள் நூலாக்கினார்கள். அதில் மொழி என்ற அமைப்பு ஒரு பக்கம், தனி ஆட்களின் பேச்சு மறு பக்கம் என்று பிரிக்கப்பட்டது. ஆய்வுக்கு உரியது அமைப்பு. 1965இல் நோம் சோம்ஸ்கி அந்தக் கோட்டை இன்னும் ஆழமாகக் கிழித்தார். மனத்தில் உள்ள மொழியறிவு வேறு, அதைப் பயன்படுத்தும்போது நேரும் தடுமாற்றம், மறதி, இடைநிறுத்தம் எல்லாம் கலந்த மொழிச்செயல் வேறு என்றார். அவருடைய இலக்கணம் பிழையே செய்யாத ஓர் இலட்சியப் பேச்சாளரை எடுத்துக்கொண்டது. அந்தப் பிரிவினையால் கிடைத்த ஆய்வுகளின் ஆழத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒதுக்கப்பட்ட பக்கத்தில் என்ன இருந்தது என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

1971இல் டால்மி கிவோன், இன்று சொல்லோடு ஒட்டிக் கிடக்கும் விகுதிகள் ஒரு காலத்தில் தனித்தனிச் சொற்களாகத் தொடரில் நின்றவை என்று வாதிட்டார். 1987இல் ரொனால்ட் லாங்கக்கர் தம் இலக்கணக் கோட்பாட்டைப் பயன்பாட்டின் மேல் கட்டுவதாக அறிவித்தார். அதே ஆண்டில் பால் ஹாப்பர், இலக்கணம் என்பது முடிந்த பொருளே கிடையாது, ஒவ்வொரு உரையாடலிலும் உருவாகிக்கொண்டே இருப்பது என்று எழுதினார். அந்த ஆண்டில் வந்த இன்னொரு கட்டுரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் வாலஸ் சேஃப் என்ற மொழியியலாளர் 1975இல் ஒரு குறும்படம் எடுக்கவைத்தார். சுமார் ஆறு நிமிடம். வசனம் கிடையாது. ஒருவர் மரத்தில் ஏறிப் பேரிக்காய் பறிக்கிறார், சைக்கிளில் வரும் சிறுவன் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறான். இதைப் பல மொழி பேசுவோருக்கும் போட்டுக் காட்டி, பார்த்ததைக் கதையாகச் சொல்லச் சொன்னார்கள். ஜான் டு புவா அதைக் குவாத்தமாலாவின் மாயா மொழிகளில் ஒன்றான சகாபுல்தெக் பேசுவோரிடம் செய்தார். அவர்கள் சொன்ன கதைகளை வாக்கியம் வாக்கியமாக எண்ணியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. செய்பவரையும் செயப்படுபொருளையும் முழுப் பெயராகவே சொல்லும் வாக்கியம் மிக அரிது. கதைக்குள் முதன்முதலாக வரும் ஆள், 'வந்தான்', 'இருந்தான்' போன்ற செயப்படுபொருள் குன்றிய வினையின் எழுவாயாகவோ, ஒன்றின் செயப்படுபொருளாகவோதான் நுழைகிறார். செயப்படுபொருள் குன்றா வினையின் எழுவாய் பெரும்பாலும் முன்பே அறிமுகமான ஆள். அந்த மொழியின் இலக்கணமும் அதே இரண்டு இடங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு குறியாலும், மூன்றாவது இடத்தைத் தனிக் குறியாலும் காட்டுகிறது. மக்கள் எதை அடிக்கடி செய்கிறார்களோ அதற்கே இலக்கணம் வசதி செய்துகொடுக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இப்போது நம் பாடநூல் வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். 'இராமன் பழத்தை உண்டான்.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் முழுசாக வரிசையில் நிற்கின்றன. தொடர் உறுப்புகளை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் யார், எப்போது, யாரிடம் இப்படிப் பேசுகிறார்கள்? உங்கள் மாணவர் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் பார்த்ததைச் சொல்லும்போது, "ஒரு பையன் வந்தான். கூடைய எடுத்தான். அப்படியே போயிட்டான்" என்பார். புதிய ஆள் 'வந்தான்' மேல் ஏறி வருகிறான். அடுத்த வாக்கியத்தில் அவன் பெயரே இல்லை. வினைமுற்றின் 'ஆன்' விகுதி அவனைத் தாங்கிக்கொள்கிறது. தமிழ் வினை ஏன் திணை, பால், எண், இடம் காட்டுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வகுப்பறை விடை எனக்குத் தெரியவில்லை. பாலறி கிளவியைப் பட்டியலாகப் படித்த பிள்ளைக்கு, அது கதை சொல்வதில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு நாள்கூடக் காட்டப்படுவதில்லை.

பயனிலைதான் இறுதியில் வரும் என்றும் சொல்லிக்கொடுக்கிறோம். "எங்க போச்சு அந்தப் புத்தகம்?", "வந்துட்டாரு உங்க அப்பா" என்று வீடு முழுக்க வினைக்குப் பின்னால் பெயர்கள் வருகின்றன. இவற்றைப் பேச்சின் ஒழுங்கின்மை என்று தள்ளிவிட வேண்டாம். கேட்பவருக்கு முன்பே தெரிந்ததும், பேசுபவர் ஒரு நினைவூட்டலாகச் சேர்ப்பதும்தான் பெரும்பாலும் வினைக்குப் பின்னால் போகின்றன. 'யாரு வந்தது?' என்று கேட்டவரிடம் 'வந்துட்டாரு உங்க அப்பா' என்று பதில் சொல்லிப் பாருங்கள், காதுக்கே ஒட்டாது. விடையாக வரும் பெயர் வினைக்கு முன்னால் இருக்க விரும்புகிறது. வாக்கிய வரிசை, கேட்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அமைகிறது. செயல்நிலை இலக்கணத்தின் மையக் கவலை இதுதான்.

கட்டுமான இலக்கணம் வேறு ஒரு வாசல் வழியாக வந்தது. 1988இல் சார்ல்ஸ் ஃபில்மோரும் பால் கேயும் கேத்தரின் ஓ'கானரும் ஆங்கிலத்தில் 'அது கிடக்கட்டும், இதுவே முடியவில்லை' என்ற பொருளில் வரும் ஒரு சிறு தொடரை எடுத்து நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதில் உள்ள சொற்களின் பொருளைக் கூட்டினாலும் தொடரின் பொருள் வராது. பொது விதிகளும் அதை முழுக்க விளக்கவில்லை. ஆனால் அது வெறும் உறைந்த மரபுத்தொடரும் கிடையாது. புதிய சொற்களை வைத்து யாரும் எப்போதும் அதை ஆக்கலாம். அப்படியானால் அந்த வார்ப்பே, ஒரு சொல்லைப் போல, வடிவமும் பொருளும் சேர்ந்த ஓர் அலகாக மனத்தில் இருக்க வேண்டும். விளிம்பில் கிடப்பதாக எல்லாரும் ஒதுக்கிய ஒன்றை எடுத்து, மையம் என்று நாம் நினைப்பதும் இதே வகைதானோ என்று அவர்கள் கேட்கவைத்தார்கள். 1995இல் அடேல் கோல்ட்பெர்க், எழுவாய் – செயப்படுபொருள் – பயனிலை போன்ற அடிப்படை வாக்கிய அமைப்புகளுக்கும் தமக்கென்று பொருள் உண்டு என்று காட்டினார்.

தமிழில் இதற்குக் கொள்ளை வளம் இருக்கிறது. "கேட்டாக் கேக்கட்டும்." ஒரு வினையின் நிபந்தனை எச்சம், அதே வினையின் வியங்கோள். பிரித்துப் பார்த்தால் அனுமதி கொடுப்பது போல இருக்கிறது. சேர்த்துக் கேட்டால் 'எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை' என்ற பொருள். திட்டினாத் திட்டட்டும், அழுதா அழட்டும், மழை வந்தா வரட்டும். உங்கள் மாணவர் "போட்டோ டெலீட் ஆனா ஆகட்டும்" என்பார். 'டெலீட் ஆனா டெலீட் ஆகட்டும்' என்று முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, வினையை மட்டும் திருப்பினால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தப் பாடநூலிலும் அவர் படிக்கவில்லை. நேற்று வந்த சொல்லை எடுத்து, தாத்தா பாட்டி பேசிய வார்ப்பில் பிசிறில்லாமல் உட்கார வைக்கிறார்.

"கல்யாணமாம் கல்யாணம்!" என்பதையும் பாருங்கள். பிறர் சொல்லக் கேட்டதைக் காட்டும் 'ஆம்', பெயரை இரட்டித்து நடுவில் நின்றவுடன் ஏளனமாகிவிடுகிறது. "வேலையாவது மண்ணாவது", "வந்ததுதான் வந்தே, ஒரு வாரம் இருந்துட்டுப் போ" என்று எத்தனை வார்ப்புகள்! அடுக்குத்தொடரையும் இரட்டைக்கிளவியையும் அக்கறையாக நடத்துகிறோம். 'காபி கீபி', 'பேனா கீனா' என்று ஏறக்குறைய எந்தச் சொல்லுக்கும் எதிரொலி போட முடிகிறதே, அதன் விதியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். தாமே விதி கண்டுபிடித்த பிள்ளைக்கு இலக்கணத்தின் மேல் வரும் மதிப்பு, மனப்பாடத்தால் ஒருநாளும் வராது.

இந்த வெளிச்சத்தில் 'எனக்குப் பிடிக்கும்' என்பதைப் பாருங்கள். 'ஒருவருக்கு ஒன்று நேர்கிறது' என்ற வார்ப்பு அது. கு உருபு ஏற்ற அந்தப் பெயர் எழுவாயின் சில உரிமைகளையும் எடுத்துக்கொள்கிறது. 'குமாருக்குத் தன் மகளைப் பிடிக்கும்' என்றால் 'தன்' குமாரைத்தான் குறிக்கும். வழக்கமாக 'தன்' தேடிப் போவது எழுவாயைத்தான். 'மகளை' என்று இரண்டாம் வேற்றுமையும் கூடவே வருகிறது. எழுவாய் எங்கே என்று தேடி ஒரு தோன்றா எழுவாயைக் கற்பிப்பதைவிட, தமிழுக்கு இப்படி ஒரு வாக்கிய வார்ப்பு உண்டு என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது. தெற்காசிய மொழிகள் பலவற்றுக்கும் இது பொதுவான இயல்பு என்பதால் மொழியியலாளர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். வார்ப்புக்கு உயிர் இருக்கிறது என்பதற்குச் சான்று, 'எனக்கு போர் அடிக்குது', 'எனக்கு டென்ஷன் ஆகுது', 'எனக்கு டவுட்டா இருக்கு' என்று கடன் சொற்களும் வந்த உடனே இதற்குள் போய்விடுவதுதான். அந்தச் சொற்களை விரும்பாதவர்கள் இருக்கலாம். நானும் எல்லா இடத்திலும் விரும்புகிறவன் கிடையாது. அந்த வாக்கியங்களின் எலும்புக்கூடு முழுக்கத் தமிழ் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

இனி இந்த மடலின் தலைப்புக்கு வருகிறேன். "அவளை விட்டுட்டான்." எழுத்தில் 'விட்டுவிட்டான்'. ஒரே வினை இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் 'விடு' தனிவினை; அது தன் உருவத்தை இழக்கவில்லை. இரண்டாவது துணைவினை, அது தேய்ந்து 'ட்டான்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒலி மட்டுமே காரணம் என்றால் 'கயித்த விட்டான்' என்பதில் உள்ள விட்டானும் தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லை. மொழியியலாளர் ஜோன் பைபீயின் வாழ்நாள் ஆய்வு இந்த இடத்தில்தான் உதவுகிறது. அடிக்கடி சேர்ந்து வருபவை நாக்கிலும் மனத்திலும் ஒரே அலகாக இறுகுகின்றன, இறுகியவை தேய்கின்றன, தேய்ந்தவை பழைய பொருளை விட்டு இலக்கண வேலைக்குப் போகின்றன என்று அவர் பல மொழிச் சான்றுகளால் காட்டினார். ஆங்கிலத்தில் ஓர் எதிர்மறைத் துணைவினை எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை, 'எனக்குத் தெரியாது' என்ற பொருளில் மிகுதியாக வரும் தொடரில்தான் மிக அதிகமாகத் தேய்கிறது என்று அவரும் ஜோவான் ஷைப்மனும் 1999இல் உரையாடல் பதிவுகளைக் கொண்டு எழுதினார்கள். நம் 'ட்டான்' அதே கதையைச் சொல்கிறது.

அடிக்கடி வருவதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பலன் உண்டு. 'வா', 'தா' போன்ற வினைகள் ஏன் வாய்பாட்டுக்கு அடங்காமல் வருகிறேன், வந்தேன், தருகிறேன், தந்தேன் என்று தம் போக்கில் போகின்றன? நாள்தோறும் காதில் விழுவதால் அவற்றின் பழைய வடிவங்கள் நினைவில் உறுதியாக நிற்கின்றன. அரிதாக வரும் வினைகளைத்தான் பெரும்பான்மை இழுத்துக்கொள்ளும்.

'விடு' எங்கே வரும், எங்கே வராது என்பதையும் மாணவர்களோடு சேர்ந்து தேடலாம். 'மறந்துடாதே', 'விழுந்துடாதே' என்று எச்சரிக்கையில் ஏராளமாக வருகிறது. 'வந்துட்டான்' என்பதன் நேர் எதிர்மறை எது? 'வரல' என்கிறோம். 'வந்துடல' என்று வெறுமனே சொல்வது அரிது. ஆனால் "நீ ஒண்ணும் பெரிசா சாதிச்சிடல" என்று 'ஒண்ணும்' சேர்ந்தவுடன் இயல்பாகிவிடுகிறது. இதுவும் ஒரு வார்ப்பு. இ. அண்ணாமலை 1985இல் தமிழ் வினை விரிவு பற்றி எழுதிய நூலும், ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணமும், எம்.ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணமும் உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டியவை. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, துணைவினைப் பயன்பாடுகளைப் பிரித்துக் காட்டி, இன்றைய தமிழ் வாக்கியங்களால் விளக்கியது. ஓர் அகராதி பயன்பாட்டைத் தன் ஆதாரமாக ஏற்றுக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது நம் கையிலேயே இருக்கும் சான்று.

உரையாடல் எப்படி இலக்கணமாகிறது என்பதற்குத் தமிழே உலக மொழியியலுக்கு ஓர் அழகான எடுத்துக்காட்டைக் கொடுத்திருக்கிறது. சூசன் ஹெர்ரிங் தமிழ்க் கதைசொல்லலை ஆராய்ந்தவர். விடை எதிர்பாராத வினாக்கள் தமிழில் இணைப்புச் சொற்களாக மாறியதைப் பற்றி 1991இல் எழுதினார். கதை சொல்பவர் தாமே கேட்டுத் தாமே பதில் சொல்வதை நாம் எல்லாரும் அறிவோம். "அன்னைக்கு அவன் வரல. ஏன்னு கேட்டா, வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்ல." கேட்பவரின் மனத்தில் எழும் கேள்வியைச் சொல்பவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார். இது திரும்பத் திரும்ப நடந்ததில் 'ஏனென்றால்' இறுகி, பேச்சில் 'ஏன்னா' ஆகி, காரணம் காட்டும் இணைப்பாக நின்றுவிட்டது. இப்போது அதில் யாரும் கேள்வி கேட்பதாக உணர்வதில்லை. "கடைக்குப் போனேனா, அங்க பார்த்தா ஒரே கூட்டம்" என்பதில் வரும் 'ஆ' வினா எழுத்தும் அப்படியே. அங்கே வினா இல்லை. கேட்பவர் 'உம்' கொட்டுவதற்கான ஓர் இடம் இருக்கிறது. நூற்றாண்டுகளாக நம் திண்ணைகளில் உம் கொட்டியவர்களும் தமிழ் இலக்கணத்தை ஆக்கியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

'என்று' செய்த பயணமும் இதற்குக் குறையாதது. சொல்லுதல் பொருளில் இருந்த ஒரு வினையின் எச்சம், இன்று 'மழை வரும்னு தோணுது', 'திடீர்னு', 'சட்டுனு' என்று பேச்சே இல்லாத இடங்களிலும் வேலை செய்கிறது. தொடர்ச்சியைக் காட்டும் 'கொண்டிரு' வட்டாரத்துக்கு வட்டாரம், சமூகத்துக்குச் சமூகம் 'பேசிக்கிட்டிருக்கான்', 'பேசிக்கினு இருக்கான்', 'பேசிண்டிருக்கான்' என்று வேறுவேறு அளவில் தேய்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'கதைச்சுக்கொண்டிருக்கிறான்' என்று ஏறக்குறைய முழுசாகவே நிற்கிறது. ஒரு வகுப்பில் மூன்று ஊர்ப் பிள்ளைகள் இருந்தால், இலக்கண மாற்றத்தின் மூன்று படிநிலைகள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு மறுப்பு இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. 2003இல் ஃபிரெடெரிக் நியூமேயர், இலக்கணம் வேறு, பயன்பாடு வேறு என்று உறுதியாக வாதிட்டு எழுதினார். நாம் உரையாடலில் பாதி வாக்கியம் பேசினாலும் முழு வாக்கியத்தின் அமைப்பு நம் மனத்தில் இருக்கிறது, பலருடைய பேச்சைக் கொட்டிக் குவித்த தரவுத் தொகுதி எந்த ஒருவருடைய இலக்கணத்தையும் காட்டாது என்றார். இரண்டாவது வாதத்தில் வலு இருக்கிறது. எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அரிதாகக் கேட்ட ஒரு வடிவத்தைக்கூட நாம் சரி, தவறு என்று தீர்மானிக்கிறோமே, அதற்கு எண்ணிக்கையைத் தாண்டிய விளக்கம் வேண்டும். ஆனால் 'ட்டான்' ஏன் ஒரு விடுவில் தேய்ந்து மறு விடுவில் தேயவில்லை என்ற கேள்விக்கு, பயன்பாட்டைத் தொடாமல் யாரும் விடை சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் சாய்வதற்கு எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

உங்களில் பலருக்கு எழும் அச்சம் வேறு என்று எனக்குத் தெரியும். பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் பிள்ளைகளின் எழுத்து என்ன ஆகும்? பயன்பாடு என்றால் பேச்சு மட்டும் என்று பொருளில்லை. வாசிப்பதும் பயன்பாடுதான். வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலாக ஒப்பிக்கும் மாணவர் 'என்றுக் கூறினார்' என்று எழுதுகிறார். 'கேட்டுக் கூறினார்' சரி என்று அவருக்குத் தெரியும். அதன் சாயலில் இதையும் எழுதிவிட்டார். வன்தொடர்க் குற்றியலுகரம், மென்தொடர்க் குற்றியலுகரம் என்ற வேறுபாட்டை நீங்கள் விளக்கலாம், விளக்கவும் வேண்டும். ஆனால் 'என்று கூறினார்' என்பதை நூற்றுக்கணக்கான முறை கண்ணால் கடந்து வந்த மாணவரின் கை தானாகவே அந்த ஒற்றைப் போடாது. எழுத்துத் தமிழ் பல பிள்ளைகளுக்குப் புழக்கம் குறைந்த மொழியாக இருக்கிறது. அந்தக் குறையை விதி நிரப்பாது, நிறைய வாசிக்கக் கொடுப்பதுதான் நிரப்பும். குழந்தைகள் மொழி கற்பதைப் பற்றி மைக்கேல் டொமசெல்லோ காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது. 1992இல் தம் மகளின் தொடக்கக் கால வினைகளைப் பற்றி அவர் எழுதினார். ஒவ்வொரு வினையையும் அந்தக் குழந்தை அதற்குரிய சின்னச் சின்ன வார்ப்புகளோடு தனித்தனியாகக் கற்றாள். பொது விதி பிறகுதான் வந்தது. நம் வீடுகளில் 'பால் வேணும்', 'பந்து வேணும்', 'அம்மா வேணும்' என்று கேட்கும் குழந்தையிடம் நீங்களே இதைக் கவனிக்கலாம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரத்தைத் திறந்து காட்டுங்கள். பனம்பாரனார் பெயரில் நிற்கும் அந்தப் பாயிரம், மக்களிடையே உள்ள வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டு நூல் செய்யப்பட்டதாகச் சொல்கிறது. காலத்தால் புழக்கத்துக்கு வந்த சொல்லைத் தள்ள வேண்டாம் என்ற கருத்து சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இருக்கிறது. பழையவை போவதையும் புதியவை வருவதையும் நன்னூலும் குற்றமாகக் கருதவில்லை. நாம் இழந்தது ஒன்று உண்டு. அந்த இரண்டு சான்றுகளில் செய்யுள் ஓரளவு நமக்கு வந்து சேர்ந்தது. அன்றைய மக்களின் பேச்சு காற்றோடு போயிற்று. இலக்கணம் என்றாலே செய்யுள் இலக்கணம் என்று ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்றைய பேச்சு அப்படிப் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஓர் இலக்கண வகுப்பையாவது இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வுத் தாளுக்கு என்ன எழுத வேண்டும் என்பதையும் தவறாமல் சொல்லிக்கொடுங்கள், அதில் பிள்ளைகளின் மதிப்பெண் இருக்கிறது. மாணவர்கள் வீட்டில் பெரியவர் ஒருவரிடம், அனுமதி கேட்டு, அவர் வாழ்வில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பத்து நிமிடம் போதும். அதைக் கேட்டு எழுத்தில் இறக்கும்போது ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். 'வந்துருச்சு' என்றால் 'வந்துருச்சு'. இழுத்த இடம், நிறுத்திய இடம், பாதியில் விட்டுத் திரும்பத் தொடங்கிய இடம் எல்லாம் இருக்கட்டும். பிறகு ஒரு குழு துணைவினைகளைத் தேடட்டும், இன்னொரு குழு வினைக்குப் பின்னால் வந்த பெயர்களை, வேறொரு குழு 'ஏன்னா', 'என்னன்னா' வகையை. எத்தனை முறை, எதன் பக்கத்தில், யாரைப் பார்த்துப் பேசும்போது என்று அவர்களே எண்ணட்டும். முழு எழுவாயும் முழுச் செயப்படுபொருளும் சேர்ந்து வந்த வாக்கியம் எத்தனை என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேசியவரின் பெயரைக் குறிக்க வேண்டாம். ஊர், வயது, பதிவு செய்த ஆண்டு, கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவருக்கு என்ன உறவு என்ற விவரங்கள் போதும். ஒலிப்பதிவையும் எழுத்துப்படியையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு நகலைப் பள்ளியிலும் இன்னொரு நகலை அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறையிலோ மொழியியல் துறையிலோ கொடுத்து வையுங்கள்.

அன்புடன்,
மொழியியல் கற்பிக்கும் உங்கள் தோழன்